கயிறு கட்டினால் கரு தங்குமா?

நம் நாட்டில் ஒரு பெண்ணுக்கு இரண்டு மூன்று தடவை நடுமாதத்தில் கர்ப்பம் கலைந்துவிட்டால், அதற்குக் காரணம் தேடப் புறப்படுகிறவர்கள் அவளுடைய உடம்பைப் பார்ப்பதில்லை. ஜாதகத்தைப் பார்க்கிறார்கள், அவள் புகுந்த வீட்டில் கால் வைத்த நாளையும் நட்சத்திரத்தையும் பார்க்கிறார்கள், அவளுடைய பாட்டன் பாம்பை அடித்தானா, முப்பாட்டன் பசுவைக் கொன்றானா என்றுகூட விசாரிக்கிறார்கள். விசாரித்து முடிந்ததும் அதற்குத் தோஷம் என்று ஒரு பெயர் வைத்து, பரிகாரம் என்று ஒரு பட்டியலைக் கையில் கொடுத்து, பட்டியலின் நீளத்துக்கு ஏற்ற தட்சணையையும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். இத்தனை பேரும் இவ்வளவு தூரம் தேடியும் பார்க்காமல் விட்ட இடம் ஒன்றே ஒன்றுதான். அது அந்தப் பெண்ணின் கர்ப்பப்பை வாய்.

அந்த வாயைப் பற்றியும், அது வலுவிழந்த பெண்களுக்கு வைத்தியர்கள் போடுகிற ஒரு சின்னத் தையலைப் பற்றியுமே இவ்வாரம் எழுதுகிறோம். "கர்ப்பப்பை என்றும் வாய் என்றும் பத்திரிகையில் அச்சடிக்கலாமா? வீட்டில் பெண்டு பிள்ளைகள் படிக்கமாட்டார்களா?" என்று சில யோக்கியர்கள் முகம் சுளிக்கக்கூடும். கோவில் தேரிலும் கோபுரத்திலும் செதுக்கி வைத்திருக்கும் பொம்மைகளைக் குடும்பத்தோடு அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறவர்களுக்கு, தாங்கள் பிறந்து வந்த வாசலின் பெயரைப் படிக்க மட்டும் வெட்கம் வருமானால், அந்த வெட்கத்தை என்னவென்று சொல்லுவது? இந்த வெட்கத்தினாலேயே அநேகம் பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததை வைத்தியரிடம்கூட வாய்விட்டுச் சொல்லாமல் இருந்து, பிள்ளைக்கு மேல் பிள்ளையைப் பறிகொடுத்து வருகிறார்கள். ஆகவே பெண்கள் படிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம். ஆண்கள் படிக்க வேண்டியது அதைவிட அவசியம்.

முதலில் சங்கதி என்னவென்று பார்ப்போம். கர்ப்பப்பை என்பது தலைகீழாகக் கவிழ்த்த ஒரு குடம் போன்றது. அதன் கழுத்து கீழ்நோக்கி இருக்கிறது. அந்தக் கழுத்தின் நீளம் சாதாரணமாக 3 முதல் 4 சென்டிமீட்டர் வரை இருக்கும். கர்ப்பம் 40 வாரம். அதில் 37 வாரம் நிறையும் வரை அந்தக் கழுத்து நீண்டும் இறுகியும் மூடியிருக்க வேண்டும். பிரசவ காலத்தில்தான் அது மெலிந்து, குறுகி, திறக்க வேண்டும். சில பெண்களுக்கு இந்தக் கழுத்து காலத்துக்கு முன்பே, பெரும்பாலும் நாலாம் மாதத்திற்கும் ஆறாம் மாதத்திற்கும் இடையில், வலி என்று சொல்லத்தக்க வலி ஒன்றும் இல்லாமலே திறந்துகொள்ளுகிறது. குழந்தையிடம் யாதொரு குறையும் இருக்காது. பனிக்குடம் கீழே இறங்கும், உடையும், உயிருள்ள பிள்ளை மூச்சுவிடத் தெரியாத நிலையில் வெளியே வந்து விழும். அடுத்த கர்ப்பத்திலும் ஏறக்குறைய அதே மாதத்தில் இதே சம்பவம் நடக்கலாம்.

"ஆறாம் மாதம் ஆனால் அவளுக்கு ஆகாது" என்று கிராமத்தில் பேசிக்கொள்ளுகிறார்களே, அதில் ஒரு உண்மை இருக்கிறது. மாதம் திரும்பத் திரும்ப ஒன்றாயிருப்பதும், வலியில்லாமல் கலைவதும் நோயின் அடையாளங்கள். அறிவுள்ள வைத்தியனுக்கு இந்த அடையாளங்களே பாதி வைத்தியம். ஜோசியனுக்கோ அதே அடையாளங்கள் "அய்ந்தாமிடத்தில் ராகு" என்று சொல்லுவதற்கு முதல். ஒருவன் கண்ணால் கண்டதைக் கொண்டு காரணத்தைத் தேடுகிறான். மற்றவன் கண்ணால் காண முடியாத இடத்தில் காரணத்தை வைத்துவிட்டு, யாரும் சரிபார்க்க முடியாது என்ற தைரியத்தில் காசு கேட்கிறான்.

இந்த வாய் ஏன் வலுவிழக்கிறது? சிலருக்குப் பிறவியிலேயே தசை நார்களின் அமைப்பு அப்படி. சிலருக்குக் கர்ப்பப்பையின் உருவமே மாறுபட்டிருக்கும். சிலருக்கு முந்திய பிரசவத்தில் வாய் கிழிந்திருக்கும். புற்றுநோய் வரும் முன்பே தடுப்பதற்காக வாயில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கும் இது நேரலாம். கர்ப்பத்தைக் கலைக்கத் தகுதியற்றவர்களிடம் இரகசியமாய்ப் போய், அவர்கள் கண்ட கருவியையும் விட்டுக் கிழித்ததனால் கெட்டுப்போன வாய்களும் உண்டு. 1971-ம் ஆண்டிலேயே கர்ப்பத்தை முறைப்படி கலைக்கச் சட்டம் வந்துவிட்டது. வந்தும் "மானம் போய்விடும்" என்ற பயத்தில் இருட்டில் போய், மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு கர்ப்பப்பையை இழந்து வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்றால், அந்தக் குற்றம் அந்தப் பெண்ணுடையதா, அவளைப் பயமுறுத்தி வைத்திருக்கும் சமூகத்தினுடையதா?

இனி, தையலின் கதைக்கு வருவோம். கோவாவில் சிரோடா என்னும் ஊரில் 1899-ம் ஆண்டில் பிறந்த டாக்டர் விட்டல் நாகேஷ் சிரோத்கர் என்பவர் பம்பாயில் கிராண்ட் மெடிக்கல் காலேஜில் பேராசிரியராயிருந்தவர். நடுமாதத்தில் மீண்டும் மீண்டும் பிள்ளையை இழந்து வந்த பெண்களை அவர் பார்த்தார். "உன் தலைவிதி அம்மா" என்று சொல்லியனுப்பாமல், வாயைச் சோதித்தார். வாய் பலமற்றிருப்பதைக் கண்டார். பலமற்ற வாயைக் கட்டினால் என்ன என்று யோசித்தார். அந்தப் பெண்ணின் தொடைத் தசையை மூடியிருக்கும் கெட்டியான சவ்விலிருந்தே ஒரு நாடாவைப் போல் வெட்டி எடுத்து, கர்ப்பப்பைக் கழுத்தின் மேற்பாகத்தைச் சுற்றிக் கட்டினார். இந்த முறையை அவர் 1955-ம் ஆண்டில் உலகத்துக்கு வெளியிட்டார். எந்தப் பத்திரிகையில் தெரியுமா? நம்முடைய சென்னையிலிருந்து வெளிவந்த 'ஆண்டிசெப்டிக்' என்னும் வைத்தியப் பத்திரிகையில்!

இரண்டு வருஷம் கழித்து, 1957-ல், ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து டாக்டர் அயன் மக்டொனால்ட் என்பவர் அதைவிடச் சுலபமான முறையொன்றை எழுதினார். சதையைப் பிரித்துத் திறக்காமல், கழுத்தைச் சுற்றி நாலைந்து இடங்களில் ஊசியை ஏற்றி இறக்கி, நூலை இழுத்து முடிச்சுப் போடுவதுதான் அது. நம் பாட்டிமார்கள் இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நூலை இழுத்தால் பையின் வாய் எப்படி மூடுகிறதோ அப்படியே இதுவும். சாதாரணமாக 12 முதல் 14 வாரத்திற்குள், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்து, சிறிது நேரத்திற்குள் முடித்துவிடுகிறார்கள். 36, 37 வாரத்தில் நூலை வெட்டி எடுத்துவிடுகிறார்கள்.

பம்பாய்க்காரர் ஒருவர் கண்டதைச் சென்னைப் பத்திரிகை அச்சடிக்கிறது. ஆஸ்திரேலியாக்காரர் அதையொட்டி வேறொரு முறையைச் சொல்லுகிறார். உலகம் முழுவதும் அதை எடுத்துச் சோதித்துப் பார்க்கிறது. இதில் ஜாதி எங்கே? மதம் எங்கே? கோத்திரம் எங்கே? "இது எங்கள் பரம்பரை இரகசியம், பிறருக்குச் சொன்னால் பலிக்காது" என்று யாராவது மூடி வைத்தார்களா? சொன்னால் பலிக்காத மந்திரம் சொல்லுகிறவனுக்கு மட்டுமே பலிக்கும். சொல்லச் சொல்ல வளருவதற்குத்தான் அறிவு என்று பெயர்.

1955-ல் சென்னையில் அச்சான இந்தச் சங்கதி, எழுபது வருஷம் கழித்தும் சென்னைக்கு இருபது மைலிலுள்ள கிராமத்தில் அநேகம் வீடுகளுக்குத் தெரியாது. ஆனால் வருஷந்தோறும் அச்சாகும் பஞ்சாங்கம் மாத்திரம் தவறாமல் ஆணியில் தொங்குகிறது. அரச மரத்தடியில் நாகப் பிரதிஷ்டை செய்தால் என்ன செலவு, மரக்கிளையில் எந்தக் கிழமையில் தொட்டில் கட்டுவது, மண்சோறு எந்தக் கோவிலில் தின்பது என்பவையெல்லாம் படிக்காதவர்களுக்கும் மனப்பாடம். இதற்காக நாம் பாமர மக்களைக் குற்றம் சொல்லவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த வயிறு எதையும் பிடித்துக்கொள்ளும். அந்த வயிற்றெரிச்சலில் வியாபாரம் நடத்துகிறவர்களையே குற்றம் சொல்லுகிறோம்.

நிற்க. "இல்லை, மந்திரித்த கயிறு கட்டி எத்தனையோ பேருக்குப் பிள்ளை தங்கியிருக்கிறது, நாங்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம்" என்று சிலர் சாதிப்பார்கள். அவர்கள் பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. கயிறு கட்டினார்கள், பிள்ளையும் தங்கிற்று, இரண்டும் வாஸ்தவமாயிருக்கலாம். ஆனால் கயிற்றினால்தான் தங்கிற்று என்பதற்கு என்ன ருசு? ஒரு தடவை, இரண்டு தடவை கர்ப்பம் கலைந்தவர்களில் பெரும்பாலோருக்கு எந்தப் பரிகாரமும் செய்யாமலே அடுத்த கர்ப்பம் நிலைத்துவிடுகிறது. அந்தச் சமயத்தில் கையில் தாயத்து இருந்தால் தாயத்துக்குப் பெருமை. இராமேஸ்வரம் போயிருந்தால் இராமேஸ்வரத்துக்குப் பெருமை. தங்காமல் போனவர்களைப் பற்றிக் கணக்கு எழுதுகிறவர் யார்? தங்கியவள் கோவிலுக்கு வந்து தொட்டில் கட்டுகிறாள். தங்காதவள் வீட்டு மூலையில் உட்கார்ந்து அழுகிறாள். மரத்தில் தொங்கும் தொட்டில்களைத்தான் ஊரார் எண்ணுகிறார்கள். மூலையில் அழுகிறவர்களை எண்ணினால் மந்திரவாதியின் கடை மறுநாளே மூடப்படும்.

சரி, இதே கேள்வியை டாக்டர் போடும் தையலைப் பார்த்தும் கேட்க வேண்டாமா? கேட்கத்தான் வேண்டும். தராசு ஒன்றாயிருக்க வேண்டும் என்பதே நமது கட்சி. மந்திரக் கயிற்றுக்கு ஒரு தராசு, வைத்தியர் நூலுக்கு ஒரு தராசு என்றால், நாமும் ஒரு புது மதத்தை உண்டாக்குகிறோம் என்றே அர்த்தம்.

வைத்திய உலகம் அந்தக் கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டது. தையல் போட்டுக்கொண்ட பலருக்குப் பிள்ளை தங்கிற்று என்று மாத்திரம் சொல்லி அது திருப்தியடைந்துவிடவில்லை. தையல் போடலாமா வேண்டாமா என்று வைத்தியர்களுக்கே சந்தேகமிருந்த 1292 கர்ப்பிணிகளை 12 நாடுகளில் சேர்த்து, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டு பாகமாய்ப் பிரித்து, ஒரு பாகத்தாருக்குத் தையல் போட்டும் மற்றப் பாகத்தாருக்குப் போடாமலும் பார்த்தார்கள். அதன் முடிவை 1993-ல் வெளியிட்டார்கள். தையல் போட்டவர்களில் 33 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்கள் நூற்றுக்கு 13 பேர். போடாதவர்களில் நூற்றுக்கு 17 பேர். அதாவது ஏறக்குறைய 25 பேருக்குத் தையல் போட்டால் ஒருவருக்கு அந்தக் குறைப்பிரசவம் தடுக்கப்படுகிறது. ஆனால் மூன்று தடவை அல்லது அதற்கு மேலும் நடுமாதத்தில் இழந்தோ குறைமாதத்தில் பெற்றோ வந்த பெண்களை மாத்திரம் எடுத்துப் பார்த்தால், போடாதவர்களில் நூற்றுக்கு 32, போட்டவர்களில் நூற்றுக்கு 15. பாதிக்கு மேல் குறைந்துவிட்டது! தையல் போட்டவர்களுக்குப் பிரசவத்துக்குப் பின் காய்ச்சல் அதிகமாய் வந்தது என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள்.

தோழர்களே! இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தன் சரக்கு 25-ல் ஒருவருக்குத்தான் பலித்தது, அதனால் காய்ச்சலும் வந்தது என்று எழுதி வைத்த ஒரு மந்திரவாதியை, ஒரு ஜோசியனை, ஒரு மடாதிபதியை நீங்கள் எங்கேயாவது கண்டதுண்டா? எல்லாருக்கும் பலிக்கும் என்கிறவன் சோதனைக்கு வரமாட்டான். சோதனைக்கு வருகிறவன் எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்லமாட்டான். பகுத்தறிவுக்கும் புரட்டுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான்.

அதற்குப் பின் ஸ்கேன் கருவி வந்து, கழுத்தின் நீளத்தை அளந்து பார்க்கும் வசதி ஏற்பட்டது. ஒற்றைப் பிள்ளை சுமப்பவளாயிருந்து, முன்பு ஒரு தடவை குறைப்பிரசவமும் ஆகி, இந்தத் தடவை 24 வாரத்துக்கு முன் கழுத்து 25 மில்லிமீட்டருக்கும் குறைவாய்ச் சுருங்கினால், அப்போது தையல் பயன்படுகிறது. இத்தகைய 504 பெண்களைப் பற்றிய அய்ந்து சோதனைகளை 2011-ல் ஒன்றாய்ச் சேர்த்துப் பார்த்தபோது, 35 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்கள் தையல் போட்டவர்களில் நூற்றுக்கு 28, போடாதவர்களில் 41 என்று தெரிந்தது. முன்பு குறைப்பிரசவமே ஆகாமல் கழுத்து மாத்திரம் குறுகியிருந்தால், புரோஜெஸ்டிரோன் மருந்தை உள்ளே வைப்பதே முதல் வைத்தியம். கீழே போட்ட தையலும் ஒரு தடவை பலிக்காமல் பிள்ளை போனவர்களுக்கு, வயிற்று வழியாய்க் கழுத்தின் உச்சியில் நாடா கட்டும் முறை 1965 முதல் இருக்கிறது. 2020-ல் வெளியான ஒரு சோதனையில், அப்படிப்பட்டவர்களில் 32 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்கள் மறுபடியும் கீழேயே தையல் போட்டவர்களில் நூற்றுக்கு 33, வயிற்று வழியாய்க் கட்டியவர்களில் நூற்றுக்கு 8. ஆனால் அவர்களுக்குப் பிரசவம் ஆபரேஷனில்தான்.

ஆகவே தையல் சிலருக்கு உயிர் காக்கும் கருவி, சிலருக்கு அனாவசியம், சிலருக்குக் கெடுதல். இரட்டைப் பிள்ளை என்றாலே தையல் போட்டுவிடுவது என்று சில இடங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. கழுத்து குறுகிய இரட்டைக் கர்ப்பங்களைப் பற்றிய சோதனைகளை 2005-ல் கூட்டிப் பார்த்ததில், எண்ணிக்கை கொஞ்சமேயானாலும், தையல் போட்டவர்களுக்கே குறைப்பிரசவம் அதிகமாய்க் காணப்பட்டது. வாயே திறந்துவிட்ட இரட்டைக் கர்ப்பத்தில் தையல் உதவுகிறது என்று 2020-ல் ஒரு சோதனை சொல்லிற்று. அது தனி விஷயம். இரட்டை என்ற ஒரே காரணத்திற்காகப் போடுவதற்கு ஆதாரம் கிடையாது. காய்ச்சலும் கிருமியும் இருக்கும்போதும், இரத்தம் போகும்போதும், பனிக்குடம் உடைந்த பின்பும், பிரசவ வலி கண்ட பின்பும் தையல் போடக்கூடாது. நூலின் மூலம் கிருமி ஏறலாம், பனிக்குடம் உடையலாம்.

இதை ஏன் இவ்வளவு விவரமாய் எழுதுகிறோம் என்றால், தாயத்து விற்கிறவனிடமிருந்து தப்பி வருகிற மக்கள் தையல் விற்கிறவனிடம் போய்ச் சிக்கக்கூடாது என்பதற்காகத்தான். முதல் கர்ப்பம், முன்பு ஒன்றும் கலையவில்லை, கழுத்தும் நீளமாயிருக்கிறது. அப்படியிருந்தும் "எதற்கும் ஒரு தையல் போட்டு வைப்போம், பிள்ளை பத்திரமாயிருக்கும்" என்று சொல்லிக் காசு பறிக்கும் வைத்தியருக்கும், "எதற்கும் ஒரு கயிறு கட்டி வைப்போம்" என்று சொல்லும் பூசாரிக்கும் வேஷத்தில்தான் வித்தியாசம். "எனக்கு ஏன் தையல்? என் கழுத்தின் நீளம் என்ன? போடாவிட்டால் என்ன ஆகும்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். யோக்கியமான வைத்தியர் பொறுமையாய்ப் பதில் சொல்லுவார். பதில் சொல்லாமல் கோபித்துக்கொள்ளுகிறவரிடமிருந்து எழுந்து வாருங்கள். மந்திரக் கயிற்றை அறுத்தெறிந்த கையில் மருத்துவக் கயிற்றை மந்திரமாக்கிக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

இனி வைதீகர்களின் வாதங்களைக் கவனிப்போம். "எல்லாம் பகவான் செயல், டாக்டர் ஒரு கருவிதானே" என்பது ஒரு வாதம். பிள்ளை தங்குவது பகவான் செயல் என்றால், அதற்கு முன் மூன்று பிள்ளை விழுந்தது யார் செயல்? மூன்றையும் விழவைத்தவர் அவரேயானால், நாலாவதை விழாமல் கட்டிய டாக்டர் அவருடைய உத்தரவை மீறியவர் அல்லவா? அப்படியில்லை, அவரேதான் டாக்டரை அனுப்பினார் என்றால், டாக்டரை அனுப்பும் சிரமத்துக்குப் பதிலாக முதலிலேயே வாயைக் கெட்டியாய்ப் படைத்திருக்கக் கூடாதா? 1955-ம் வருஷத்துக்கு முன்னால் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களெல்லாம் என்ன பாவம் செய்தார்கள்? பிழைத்தால் பகவான், செத்தால் டாக்டர் என்று கணக்கு எழுதுகிற மக்களுக்கு இந்தக் கேள்விகள் கசக்கத்தான் செய்யும்.

"இதெல்லாம் நம் ரிஷிகளுக்கு முன்னமே தெரியும், ஏட்டிலே இருக்கிறது" என்பது இன்னொரு வாதம். இருந்தால் 1955 வரையில் ஏன் ஒருவரும் எடுத்துப் போடவில்லை? ஒரு தையலுக்கு வழி சொல்லாமல், பிள்ளை இல்லாதவள் தலையில் பாவத்தைச் சுமத்தவும், அவளுக்கு மேல் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளவும் வழி சொன்ன ஏடு இருந்தாலென்ன, எரிந்தாலென்ன? பிறர் கண்டுபிடித்த பின் "எங்கள் வீட்டுப் பரணில் இருந்தது" என்று சொல்லுகிறவனை ஊரில் என்ன பெயரிட்டு அழைப்பார்கள் என்பதை வாசகர்களே அறிவார்கள்.

இந்த வாதங்களைவிடக் கொடுமையானது வழக்கம். ஸ்கேனில் கழுத்து குறுகிவிட்டது, உடனே தையல் போட வேண்டும் என்று வைத்தியர் சொல்லுகிறார். வீட்டிலோ, "ஆடி போகட்டும்", "அஷ்டமி கழியட்டும்", "குலதெய்வத்திடம் பூக்கேட்டு வருகிறோம்" என்கிறார்கள். வாய் திறந்துகொள்ளுவது பஞ்சாங்கம் பார்த்தா? 37-ம் வாரத்தில் தையலை வெட்ட வேண்டும் என்றாலும் நல்ல நாள் தேடுகிறார்கள். தையலை எடுக்காமலிருக்கும்போதே பிரசவ வலி கண்டுவிட்டால், நூல் வாயைக் கிழித்துவிடும். இரத்தம் ஆறாய்ப் போகும். ஆகவே வலி கண்டாலும், நீர் போனாலும், இரத்தம் பட்டாலும், காய்ச்சல் கண்டாலும் எந்த வாரமாயிருந்தாலும் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இராகுகாலமும் எமகண்டமும் பார்த்துப் போனால், போய்ச் சேரும்போது உண்மையிலேயே எமகண்டமாகத்தான் இருக்கும்.

தையல் போட்டவள் பிரசவம் வரை கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்பது இன்னொரு வழக்கம். மாதக்கணக்காய்ப் படுத்துக்கிடப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காலில் இரத்தம் உறைந்து போகும் ஆபத்துத்தான் உண்டு. பாரம் தூக்குவதையும் கடும் வேலையையும் விட்டுவிட்டு, நடமாடிக்கொண்டிருப்பதில் தவறில்லை. கூலி வேலை செய்யும் பெண்ணைப் படுக்கையில் போட்டுவிட்டு, "அவளால் குடும்பம் பட்டினி" என்று பழி வேறு சொல்லுவது எந்த நியாயம்?

இந்தப் பழிதான் எல்லாவற்றுக்கும் மேலானது. பிள்ளை தங்காதவளை "ராசியில்லாதவள்" என்கிறார்கள். "பிள்ளையைத் தின்றவள்" என்கிறார்கள். வளைகாப்பு வீட்டில் அவள் கையால் வளையல் போடவிடுவதில்லை. பெற்ற வேதனை, இழந்த வேதனை இரண்டோடும் அவமானத்தையும் அவளே சுமக்க வேண்டும். ஆண்பிள்ளையோ, வம்சம் விளங்க வேண்டும் என்று சொல்லி, அடுத்த பெண்ணைப் பார்க்கக் கிளம்பிவிடுகிறான். கண் பார்வை மங்கினால் கண்ணாடி வாங்குகிறோம். கால் எலும்பு முறிந்தால் கட்டுப் போடுகிறோம். கண் மங்கியவனைப் பாவி என்று சொல்லுவதில்லை. கர்ப்பப்பை வாய் இளகினால் மட்டும் அது குணக்கேடும் பாவமுமாவது எப்படி? அவள் பெண் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா என்று கேட்கிறோம்.

2020-ம் ஆண்டில் உலகத்தில் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் மாதம் நிறையுமுன் பிறந்தன என்றும், அவற்றில் சுமார் 30 லட்சம் இந்தியாவில் என்றும், எந்த நாட்டிலும் இவ்வளவு இல்லை என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குச் சொல்லுகிறது. குறைமாதத்தால் வந்த கேடுகளால் 2019-ல் மாண்ட குழந்தைகள் ஏறக்குறைய 9 லட்சம். இத்தனைக்கும் கர்ப்பப்பை வாய் ஒன்றே காரணமல்ல. கிருமி, இரத்தக் கொதிப்பு, இரட்டைப் பிள்ளை என்று காரணம் பல. ஆனால் தடுக்கக்கூடிய ஒரு காரணத்தையும் தடுக்காமல் விட்டுவிட்டு, யாகம் வளர்ப்பதற்கும் நாகத்துக்குப் பால் ஊற்றுவதற்கும் பணம் செலவிடும் ஒரு தேசம் தன்னை அறிவுள்ள தேசம் என்று சொல்லிக்கொள்ளலாமா?

ஆகையால் தோழர்களே, நாம் வேண்டுவது இவைதான். ஒரு தடவையேனும் நாலாம் மாதத்துக்குமேல் கர்ப்பம் கலைந்திருந்தால், அல்லது குறைமாதத்தில் பிள்ளை பிறந்திருந்தால், அடுத்த கர்ப்பம் தெரிந்த உடனே, மூன்றாம் மாதம் முடிவதற்குள், வைத்தியரிடம் போய் முழுக்கதையையும் சொல்லுங்கள். எந்த வாரத்தில் கலைந்தது, வலி இருந்ததா, முதலில் நீர் போயிற்றா இரத்தம் போயிற்றா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். கலியாணத்துக்கு முன் கலைந்ததாயிருந்தாலும் சொல்லுங்கள். வைத்தியர் கேட்பது மானத்தை வாங்க அல்ல, பிள்ளையைக் காக்க. கழுத்தை அளக்கும் ஸ்கேனை உள்வழியாய்த்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு வெட்கப்படவும் வேண்டாம், மாமியார் தடுத்தால் கேட்கவும் வேண்டாம். காசில்லாதவர்களுக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கு போவது பிச்சையல்ல. நாம் கொடுக்கும் வரியில் நடப்பது அது. புருஷன்மார்கள் வாசலில் நின்று பீடி குடித்துக்கொண்டிராமல், உள்ளே போய் வைத்தியர் சொல்லுவதைத் தாங்களும் கேட்டு, வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

படித்த தோழர்கள் இதைப் படிக்காத பெண்களுக்கு வாசித்துக் காட்டட்டும். "உனக்கு ஒரு தோஷமும் இல்லை அம்மா, உன் உடம்பில் ஒரு சின்ன இடத்தில் பலம் குறைவு, அவ்வளவுதான், அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது" என்று ஒரு பெண்ணிடமாவது சொல்லட்டும். கையில் கட்டிய கயிறு கர்ப்பப்பை வாயை எட்டாது. எட்டுகிற நூல் எது, அது யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று ஆராய்ந்து சொல்ல மனிதனுடைய அறிவு ஒன்றினால்தான் முடிந்தது. இனியும் ஒருத்தி தன் பிள்ளையைத் தோஷத்தின் பெயரால் இழப்பாளானால், அந்தப் பழி தெரிந்திருந்தும் வாய் திறவாத நம் எல்லோரையும் சேர்ந்ததாகும்.